பக்கத்து வீட்டு வலி

கம்பிக் கட்டு நழுவி மாப்ளையின் வலது காலில் விழுந்தபோது கிடங்கில் இருந்த எல்லோரும் கத்தினோம். மாப்ளை மட்டும் கத்தவில்லை.

"மச்சான், கட்டைக் கொஞ்சம் தூக்கு. காலை எடுக்கணும்" என்றான், பஸ்ஸில் ஜன்னலை மூடச் சொல்கிறவன் போல.

காலை எடுத்தவன் அடுத்த கட்டைத் தூக்கக் குனிந்தான். செருப்பெல்லாம் ரத்தம் சதசதவென்றிருந்தது. பெருவிரலில் நகத்தைக் காணோம்.

மேஸ்திரிக்குப் புல்லரித்துவிட்டது. "பாருங்கடா, இவன் ஆம்பள. நீங்கள்லாம் கொசு கடிச்சா லீவு கேக்குற பயலுக."

என் தங்கச்சியைக் கட்டியவனை எனக்குத் தெரியாதா? ஊசி போடும்போது இவனைப் பிடிக்கவே தனி ஆள் வேண்டும். உள்ளங்கையில் மரச் சிம்பு ஏறினால் தெருவே கூடும். அப்பேர்ப்பட்டவன் சில மாதமாகச் சரியில்லை. சோறு வைத்தால் தின்பான், வைக்காவிட்டால் கேட்கமாட்டான். வேலை அலுப்பு என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

கட்டுப் போட்ட டாக்டருக்கு அவன் முனகாமல் உட்கார்ந்திருந்தது பிடிக்கவில்லை. "வலிச்சாத்தான் காலைப் பத்திரமா வச்சுக்குவாங்க. இவரு கண்டுக்கவே மாட்டேங்கிறாரே. சீழ் வச்சா விரலை எடுக்கணும்" என்று எங்களை மனநல டாக்டரிடம் அனுப்பினார். 'நான் என்ன பைத்தியமா' என்று எகிறுவான் என்று நினைத்தேன். "சரி" என்று எழுந்து வந்தான். அது இன்னும் பயமாக இருந்தது.

மனநல டாக்டர் ஒரு அம்மா. "கால் வலிக்கலையா?" என்று கேட்டார்.

"வலிக்குதுங்க."

"அப்ப ஏன் சொல்லல?"

மாப்ளை யோசித்தான். "வலிக்குது, உறைக்கல. பக்கத்து வீட்டுப் புள்ள அழுவுற மாதிரி. காதுல கேக்குது. அவங்க புள்ள, அவங்க பாத்துக்குவாங்கன்னு இருக்கு."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். இது மனச்சோர்வு என்றார். இதில் சிலருக்குச் சின்ன வலிகூடப் பூதமாகிவிடும், சிலருக்கு வலி தெரிந்தும் மனசு அதில் ஒட்டாது. மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும்.

"அதுவரைக்கும் அந்தப் புள்ளைய நான் பாத்துக்கிறேன்" என்றாள் கூட வந்திருந்த தங்கச்சி.

பார்த்தாள். அவன் குளிக்கப் போனால் காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டினாள். சாயங்காலமானால் "வலிக்குதா?" என்பாள். "இருக்கு" என்பான், வீட்டில் உப்பு இருக்கு என்பது போல. உடனே எனக்குப் போன் வரும். "அண்ணே, இன்னைக்கும் 'இருக்கு'தான்." விரல் ஓரத்தில் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் குரலும் இறங்கிக்கொண்டே வந்தது.

சில வாரம் கழித்து ஒருநாள் கட்டு மாற்றப் போனோம். நான் காலைப் பிடித்துக்கொள்ள, நர்ஸ் ஒட்டியிருந்த துணியை உரித்தார்.

"அய்யோ, அம்மா!"

வராண்டாவில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாப்ளை என் காதைப் பிடித்துத் திருகினான். "எருமை, காலைப் புடிக்கச் சொன்னா முறிக்கிற. ஏம்மா, அது தோலும்மா, சினிமா போஸ்டர் இல்ல."

தங்கச்சி சிரித்தாள். கண்ணீர் பாட்டுக்குக் கொட்டியது. "ரொம்ப வலிக்குதாங்க?"

"உயிர் போவுது. நீ இளிக்கிற."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

நர்ஸ் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கறுப்பு உதிருது, உள்ள நல்ல சதை வந்திருக்கு. விரல் தப்பிச்சிரும். இவரு வாயை மூடினா சீக்கிரம் முடிச்சிருவேன்."

"மூட வேணாங்க, மெதுவாவே முடிங்க" என்றாள் தங்கச்சி.

ஆட்டோவில் குழிக்கு ஒரு முனகல். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். "பாத்துப் போங்க, எங்க வீட்டுக்காரருக்குக் கால் வலிக்குது" என்றாள், பரீட்சையில் பாஸான பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

நோய் ஒரே நாளில் போய்விடவில்லை. அன்றும் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டானாம். ஆனால் படுக்கும்போது காலுக்கு அடியில் அண்டக் கொடுக்கத் தலையணை கேட்டிருக்கிறான். தன் தலையணையை எடுத்துக் கொடுத்துவிட்டு, தங்கச்சி கையை மடக்கித் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டாளாம்.