ஆளுக்கொரு வார்த்தை

மைக்கை இரண்டு தட்டு தட்டி, தொண்டையைச் செருமிக்கொண்டு, மேனேஜர் "டிபென்டபிள்" என்றார். கூட்டம் கைதட்டியது. எடுத்த வேலையை முடிக்காமல் எழ மாட்டார் என்பதால் கோந்து என்று பேர் வாங்கியவர் மேடையேறினார். அந்த மருந்துக் கிடங்கின் ஆண்டுக் கூட்டத்தில் ஆளுக்கொரு ஆங்கில வார்த்தையைக் கண்ணாடித் தகட்டில் பொறித்துத் தருவார்கள். சம்பள உயர்வைவிட அது நெடுநாள் உழைக்கும் என்பது மேனேஜரின் கருத்து. கோந்துவின் கண் தகட்டில் இல்லை. கிடங்கு இன்சார்ஜ் பதவி காலியாக இருந்தது. இவரை விட்டால் ஆளில்லை என்று டீ கொண்டுவருபவர் வரை சொல்லியாயிற்று. அடுத்து, போன வருடம் சேர்ந்த இளைஞனுக்கு "டைனமிக்". கூடவே இன்சார்ஜ் பதவியும்.

வீட்டில் மகள் செல்போனில் அர்த்தம் தேடினாள்.

"நம்பத் தகுந்தன்னு போட்டிருக்குப்பா."

"நல்ல வார்த்தைதானே?"

"நல்ல வார்த்தைதான். எப்படிப் பயன்படுத்தணும்னு உதாரணமும் இருக்கு. பழசானாலும் நம்பத் தகுந்த கார். மழையிலயும் நம்பத் தகுந்த செருப்பு. அப்புறம் ஒரு கழுதை."

"மனுஷன் யாரும் இல்லையா?"

"இருங்கப்பா, தேடறேன்."

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "செருப்பை நம்பித்தான் நடக்கிறாங்க. அதுக்காக அதைத் தூக்கி நாற்காலியில வைப்பாங்களா?"

கோந்து சிரித்தார். சிரித்த பிறகுதான் வலித்தது. விடுமுறை நாளில் லாரி வந்தால் இவர். யாருக்காவது காய்ச்சல் என்றால் இவர். கூப்பிட்டால் வருவார் என்று தெரிந்துபோன பிறகு, வர முடியுமா என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்காததை மரியாதை என்றே இத்தனை நாளும் எண்ணியிருந்தார்.

"இனிமே ஞாயித்துக்கிழமை போறதில்லை. இன்சார்ஜ் பார்த்துக்கட்டும்."

"பார்க்கலாம்," என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே போன் அடித்தது. மனைவி எட்டிப் பார்த்தாள்.

"உங்க மேனேஜர்தான்."

"அடிக்கட்டும். நான் எடுக்கப்போறதில்லை."

அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. மனைவியும் மகளும் அவரையே பார்த்தார்கள். என்னத்தைப் பார்க்கிறார்கள் என்று அவரும் குனிந்து பார்த்தார். கொடியில் கிடந்த வேலைச் சட்டை எப்போது கைக்கு வந்ததோ தெரியவில்லை. வலது கை அதற்குள் போயிருந்தது. இன்னொரு கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். ஆளில்லாத இடது சட்டைக்கை, ஜன்னல் காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.