கதவு ரப்பருக்கு அடியில்

பட்டறையில் எனக்கு சிஐடி என்று பேர். இருபத்திரண்டு வருஷமாக வண்டிகளுக்கு பெயின்ட் அடிக்கிறவன் யாரைத்தான் நம்புவான்? 'லேசா ஒரு கீறல்தான்' என்று கொண்டுவருவார்கள். திறந்து பார்த்தால் கதவு கையோடு வரும். அதனால் தங்கை வீட்டுக்காரர் பழைய எஸ்யூவியைத் தள்ளிவிட்டு, அதிகம் ஓடாத ஒரு உயர்ரக எஸ்யூவி எடுக்கப் போகிறேன் என்றதும், நான் பார்க்காமல் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

மூன்று வண்டி பார்த்தோம். மூன்றையும் கழித்துக் கட்டினேன். முதலாவது வெள்ளத்தில் நின்ற வண்டி என்றேன். இரண்டாவதில் கிலோமீட்டரைக் குறைத்து வைத்திருக்கிறார்கள் என்றேன். மூன்றாவதில் எவ்வளவு குடைந்தும் ஒன்றும் அகப்படவில்லை, விற்கிறவன் முழி சரியில்லை என்றேன். மாப்பிள்ளை மருந்து மொத்த வியாபாரம் செய்கிறவர், பொறுமைசாலி. அவருக்கே அன்று பொறுமை போய்விட்டது.

"மச்சான், அடுத்ததுதான் கடைசி. அதையும் காரணம் இல்லாம வேணாம்னு சொன்னீங்கன்னா, நான் பாட்டுக்குக் கையெழுத்து போட்டுட்டுப் போயிட்டே இருப்பேன்."

சனிக்கிழமை காலை தங்கை, மாப்பிள்ளை, அவர்கள் மகள், நான் என்று நாலு பேரும் பழைய வண்டியிலேயே கிளம்பினோம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் நான்தான் அதைத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். அதுவும் அப்போது ஒரு கை மாறிய வண்டிதான். 'நல்ல வண்டி' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னேன், தங்கை சாவிக்குக் கையை நீட்டிவிட்டாள். அவளுடைய மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது அதில்தான். பின்னால் இடது பக்க சீட் அன்றிலிருந்து அந்தப் பிள்ளைக்குச் சொந்தம். இப்போது ஒன்பது வயது, வேறு யாராவது அதில் உட்கார்ந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

போகும் வழியில் தங்கைக்குப் பாடம் எடுத்தேன். மேலே மினுக்குவதைப் பார்க்காதே, கதவைச் சுற்றி ரப்பர் இருக்கும், அதை நகத்தால் உரித்துப் பார். தகடும் தகடும் சேருகிற இடத்தில் சீலன்ட் என்று ஒரு பசை பூசியிருப்பார்கள். கோடு நேராக இருந்தால் கம்பெனி வேலை, கோணலாக இருந்தால் எவனோ கை வைத்திருக்கிறான். ஏமாற்றுகிறவன் அங்கேதான் மாட்டுவான் என்றேன். அவள் சிரித்தாள்.

"எனக்கு எதுக்குண்ணா இதெல்லாம்? நீ சரின்னா சரி."

கடையில் தரை முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது. அதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விற்பனையாளர் காபி இயந்திரத்தில் தானே கப்பைப் பிடித்து எங்களுக்குக் கொடுத்தார். எதற்கு இவ்வளவு உபசாரம்? வண்டி வெள்ளை. வாங்கி எட்டு மாசம், ஓடியது ஏழாயிரம் கிலோமீட்டர், விலை புதுசில் மூன்றில் இரண்டு பங்கு. வைத்திருந்தவர் வெளிநாடு போய்விட்டாராம். இந்த ஊரில் நல்ல வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லாம் வரிசையாக வெளிநாடு போகிறார்கள், வண்டிகள் மட்டும் இங்கேயே நின்றுவிடுகின்றன.

நான் கேட்பதற்கு முன்பே அவராகச் சொன்னார், பின்பக்கம் இடதில் பார்க்கிங்கில் ஒரு உரசல், அந்த ஒரு தகட்டுக்கு மட்டும் பெயின்ட் அடித்திருக்கிறது, சோதனைச் சான்றிதழிலும் எழுதியிருக்கிறது என்று. சின்ன உண்மையைத் தானாக வந்து சொல்கிறவன் பெரியதை எங்கோ ஒளித்திருப்பான். பெயின்ட் கனம் அளக்கிற மீட்டரை எடுத்தேன். பானெட், கூரை, வலது பக்கம் எல்லாம் சரியாக இருந்தது. அதற்குள் மருமகள் ஏறி உட்கார்ந்துவிட்டாள், வேறு எங்கே, இடது பக்கம்தான்.

"மாமா, மேல கண்ணாடி! வானம் தெரியுது. இது என் சீட்டு."

அவள் பக்கத்துக் கதவைத் திறந்து, ரப்பரை உரித்தேன்.

கோடு கோணலாக இருந்தது. மாட்டினான்டா என்று மனசுக்குள் துள்ளினேன். இது உரசல் இல்லை, கூரையைத் தாங்குகிற தூணையே அறுத்து ஒட்டியிருக்கிறார்கள். மூன்று வண்டிக்கும் சேர்த்து மாப்பிள்ளை இன்று என்னிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே குனிந்து கிட்டத்தில் பார்த்தேன். அகலமாகத் தேய்த்த கோட்டுக்குப் பக்கத்திலேயே மெல்லிசாக இன்னொரு கோடு கூடவே போனது.

என் வலது கை ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கிறது. மீதியைப் பட்டறைக் கிரைண்டர் ஒன்று வாங்கிக்கொண்டது. அதனால் நான் நடுவிரலால்தான் சீலன்ட் தேய்ப்பேன், பக்கத்தில் மொட்டை விரல் உரசிக்கொண்டு வரும். கையை வைத்துப் பார்த்தேன். இரண்டு விரலும் இரண்டு கோட்டில் அப்படியே உட்கார்ந்தன.

மூன்று மாசத்துக்கு முன்னால் டிரெய்லரில் ஒரு வெள்ளை வண்டி வந்தது. கதவு இல்லை, பம்பர் இல்லை, நம்பர் பிளேட் இல்லை. இடது பக்கத்தை அறுத்து எடுத்து வேறு ஒரு வண்டியின் பாதியை ஒட்டியிருந்தார்கள். பெயின்ட் மட்டும் அடி, கதை கேட்காதே என்றார் பட்டறை முதலாளி. ஊரையே சந்தேகப்படுகிற சிஐடி அன்றைக்குக் கேட்கவில்லை. தூணில் வெல்டிங் பாதிதான் பிடித்திருந்தது, கண்ணால் பார்த்தேன். அது என் வேலை இல்லை என்று அதன்மேல் சீலன்ட் பூசினேன். யார் தலையெழுத்தோ என்று பக்கத்தில் நின்றவனிடம் சொல்லிச் சிரித்தது வரைக்கும் ஞாபகம் வந்தது.

அந்தத் தூணில் சாய்ந்துகொண்டுதான் மருமகள் வானம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லாமல் தப்பிக்கத்தான் முதலில் பார்த்தேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். விலை அதிகம் என்றேன். மாப்பிள்ளை, கட்டுப்படியாகும் என்றார். இன்ஜின் சத்தம் ஒரு மாதிரி இருக்கிறது என்றேன். வண்டியை இன்னும் ஸ்டார்ட்டே செய்யவில்லை என்று விற்பனையாளர் பணிவாகச் சொன்னார். கடைசியில், தூண் வெட்டி ஒட்டியது, வேண்டாம் என்றேன். விற்பனையாளர் சான்றிதழை நீட்டினார். ஏழு பக்கம், பக்கத்துக்குப் பக்கம் முத்திரை.

மாப்பிள்ளை பேனாவின் மூடியைக் கழற்றினார். "போன வண்டிக்கும் இப்படித்தான் சொன்னீங்க மச்சான். வண்டி வண்டியா இதையேதான் சொல்றீங்க. போதும்."

தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா காகிதத்தைத் தொடப்போனது.

"மாப்பிள்ளை, இது நான் செஞ்ச வேலை," என்றேன். "வெல்டிங் சரியா பிடிக்கல. தெரிஞ்சேதான் மேல பூசி மறைச்சேன். வாங்க, என் விரலை வச்சுக் காட்டுறேன்."

வந்து பார்த்தார்கள். நான் விரல்களை வைத்துக் காட்டினேன். விற்பனையாளரின் சிரிப்பு அணைந்தது. ஏலத்தில் எடுத்த வண்டி, எங்களுக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிக்கொண்டே போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவருக்கு நிஜமாகவே தெரியாமலும் இருக்கலாம். அந்த ஆளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை.

தங்கை திட்டவில்லை. முதலில் மகளைக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இந்த மாதிரி எத்தனை வண்டிண்ணா?"

பத்துப் பன்னிரண்டு இருக்கும் என்றேன். உண்மையில் நான் எண்ணியதில்லை. அவள் தலையை ஆட்டிவிட்டு வெளியே நடந்தாள். மாப்பிள்ளை பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனார். ஒரு வார்த்தை ஏசியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வெயிலில் பழைய வண்டி நின்றது. நான் முன் சீட்டுப் பக்கம் போனேன். தங்கை ஏறவில்லை. பின்னால் இடது பக்கக் கதவைத் திறந்தாள், மகளை ஏறவிடாமல் ஒரு கையால் தடுத்தாள், இன்னொரு கை நகத்தால் ரப்பரை உரித்தாள். காலையில் நான் சொல்லிக் கொடுத்தபடியே செய்தாள்.

அது சுத்தமான வண்டி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அங்குலம் அங்குலமாகப் பார்த்துத்தான் எடுத்தேன், எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

கோடு நேராகத்தான் இருந்தது. அவள் அதை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தாள். ரப்பரைப் பழையபடி அமுக்கினாள். பிறகு என்னைப் பார்க்காமலே சுற்றிக்கொண்டு அடுத்த கதவுக்குப் போனாள்.