நாலு மேய்ச்சல், ஆறு வழி

கிளெம் ரேட்ரேவுக்குக் கம்ப்யூட்டர் மேல் நம்பிக்கை கிடையாது. அது அவருக்குச் சாதகமாகப் பேசியபோது மட்டும் வாயை மூடிக்கொண்டார். கடல்பாசி கலந்து அவர் செய்த உப்புக்கட்டியை நக்கிய குட்டிகள் ஒரு கிலோவிலிருந்து மூன்று கிலோ வரை கூடுதல் எடை போடும் என்று அது சொல்லியிருந்தது. வெள்ளிக்கிழமை சவுத்லாந்து வட்டார ஆட்டுப் பண்ணைக்காரர் சங்கம் கூடி அந்தக் கட்டியை ஏற்றுக்கொண்டால், அவரைக் கிறுக்கன் என்று சிரித்த அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரனெல்லாம் வாயடைத்துப் போவான்.

புதன்கிழமை நைரி மடிக்கணினியோடு வந்தாள். சங்கத்தின் சோதனைகளுக்குக் கணக்குப் போடுகிறவள். அவர் எடுத்துவைத்த சீஸ் ரொட்டிச் சுருளைத் தொடவே இல்லை. ஏதோ கோளாறு என்று அவருக்கு அப்போதே பட்டது.

"நான் தப்புப் பண்ணிட்டேன், கிளெம்."

கட்டி தின்ற ஆடு எது, தின்னாதது எது என்ற அடையாளத்தை அவளுடைய கம்ப்யூட்டர் புரோகிராம் சீட்டு மாதிரி மாற்றி மாற்றிக் கலைக்குமாம். கலைத்த பிறகும் அதே வித்தியாசம் அடிக்கடி வந்தால், அது வெறும் அதிர்ஷ்டம். அவள் ஒவ்வொரு ஆட்டையும் தனியாகக் கலைத்துவிட்டாள். கட்டி வைத்ததோ வேலி போட்ட நாலு மேய்ச்சலில் இரண்டில். ஒரு வேலிக்குள் நிற்கிற ஆட்டுக்கெல்லாம் ஒரே புல், ஒரே தண்ணீர்; எடை கூடியது அதனாலும் இருக்கலாம். ஆட்டை அல்ல, மேய்ச்சலைத்தான் மொத்தமாகக் கலைத்திருக்க வேண்டும்.

"தீவனக் கம்பெனிக்காரன் உன்னைப் பார்த்துக் காசு குடுத்தானா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்.

அவள் கோபப்படவில்லை. யாரும் பார்க்கவில்லை என்றாள்.

நம்பாமல், தானே கலைத்துப் பார்க்க, ஆட்டின் காதில் மாட்டும் அடையாள வில்லை நாலில் மேய்ச்சல்களின் பெயரை எழுதித் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கினார். கண்ணை மூடி இரண்டை எடுத்தார். ஆற்றோரம், மேட்டுப்பக்கம். கட்டி வைத்த அதே இரண்டு.

"நாலுல ரெண்டு எடுக்க மொத்தமே ஆறு வழிதான்," என்றாள். "சும்மா குலுக்கினாலே ஆறுல ஒரு தடவை இது வந்துடும். இப்ப கணக்குப்படி கட்டியால எடை ரெண்டு கிலோ குறையவும் செய்யலாம், ஆறு கிலோ கூடவும் செய்யலாம்."

"அப்ப என் கட்டி உதவாது."

"உதவாதுன்னு சொல்லல. தெரியலன்னு சொல்றேன்."

சங்கத்துக்குத் தெரியுமா என்று கேட்டார். முதலில் அவரிடம்தான் வந்ததாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அதுவரை வெளியே சொல்லாமல் விட்டுவிடலாமே என்ற நினைப்பு அவருக்கு வராமல் இல்லை. ஆனால் படித்தவன் தன் தப்பைச் சொல்ல இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்து அவர் பார்த்ததே இல்லை.

சங்கத் தலைவருக்குப் போன் போட்டு, தன் கட்டியை இந்தத் தடவை எடுக்க வேண்டாம் என்றார். காரணம் கேட்டதற்கு, சோதனை பத்தவில்லை என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

"திரும்பச் சோதிக்க எத்தனை மேய்ச்சல் வேணும்?" என்று நைரியிடம் கேட்டார்.

"குறைஞ்சது பன்னிரண்டு வேணும்."

அவரிடம் இருப்பது நாலு. மிச்சமெல்லாம் அவரைப் பார்த்துச் சிரித்தவர்களுடையது.

"வண்டில ஏறும்மா," என்றார். "தப்பு உன்னுதுன்னு அவங்ககிட்ட நீயே சொல்லிடு. இடம் நான் கேக்குறேன்."