அழிக்கப்பட்ட முகவரி

வெள்ளவத்தையில், காலி வீதியோரம் ராசிக் நடத்திய நெற் கபேயின் மூலைக் கணினி, மாலை ஐந்தரைக்கு நாகேந்திரம் மாஸ்டருக்கென்றே காலியாக இருக்கும். கொட்டாஞ்சேனைக் கல்லூரியொன்றில் உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பிப்பவர். மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில். போரில் யாழ்ப்பாணப் பாதை பூட்டிப் பத்து மாதமாகிவிட்டது. லொட்ஜ் அறைக்குத் திரும்பினால் 'சாப்பிட்டீர்களா' என்று கேட்கக்கூட ஆளில்லை.

எங்கோ தூரதேசத்துப் பேராசிரியர் ஒருவர் தன் கணக்குகளையும் படங்களையும் இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தார். எங்கிருந்து எடுத்தோம் என்று சொன்னால் போதும் என்று ஒரு வரியும் எழுதியிருந்தார். மாஸ்டர் அதை மட்டும் செய்யவில்லை. அச்சில் தாளின் அடியில் விழும் பெயரையும் இணைய முகவரியையும் ரிப்பெக்ஸ் வெள்ளை மை பூசி அழித்து, மேலே தன் பெயரை எழுதி, போட்டோகொப்பி எடுத்துக் கொடுப்பார்.

காசு பண்ண அல்ல. வகுப்பு முடிந்ததும் அந்தத் தாள்களோடு பிள்ளைகள் மேசையைச் சுற்றி நிற்கிற அரை மணி நேரத்தில்தான் அவரோடு மனிதர் கதைத்தார்கள். முகவரி தெரிந்தால் தன்னிடம் எதற்கு வருவார்கள் என்று பயந்தார். பாவம்தான் மனிதர். ஆனாலும் களவு களவுதான்.

ஒரு வியாழக்கிழமை காலை அதிபரின் அறைக்குத் தொலைபேசி வந்தது. மாஸ்டருடைய மாணவி சிவமணியைச் சோதனைச் சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பொலிசுக்குக் கொண்டு போய்விட்டார்களாம்; தாளில் பெயர் இருந்த மாஸ்டரையும் உடனே வரட்டாம். பையில் இருந்தது எறியக் கணக்குத் தாள். மலையுச்சியில் பீரங்கி, கடலில் கப்பல், குண்டு போகிற வளைகோடு, கோணம், தூரம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் தமிழ்ப் பிள்ளையின் பையில், அந்த வருடத்தில், அப்படியொரு படம்!

பொலிஸ் நிலையத்தில் அதிகாரி தாளை நீட்டிச் சிங்களத்தில் கேட்டார். "இதை வரைந்தது நீரா? உம்முடைய பெயர் இருக்கிறதே."

ஓம் என்றால் தானும் உள்ளே. இல்லை என்றால் சாட்சி எங்கே? சாட்சியை அவரே வெள்ளை பூசி அழித்திருந்தார். சுவரோர வாங்குப் பலகையின் நுனியில் சிவமணி இருந்தாள்.

"நான் வரையவில்லை. இன்ரநெற்றில் எடுத்து என் பெயரைப் போட்டேன். நிரூபிக்கிறேன்," என்றார், உடைந்த சிங்களத்தில். அதிகாரி பின்னேரம்வரை நேரம் கொடுத்தார்.

மாஸ்டர் ஓட்டோ பிடித்து வெள்ளவத்தைக்கு ஓடினார்.

"என்ன சேர், இண்டைக்கு ஸ்கூல் இல்லியா?" என்றார் ராசிக்.

"அதை விடும் ராசிக். அந்தப் பீரங்கிப் படப் பக்கத்தைப் பிறின்ற் எடும். அடியில முகவரி வடிவா விழவேணும்."

புதிய தாளை அதிகாரி பழையதோடு வைத்துப் பார்த்தார். முகவரியை ஆள் விட்டு இணையத்தில் சரிபார்த்தார். நாலரை மணிக்குத்தான் சிவமணியை விட்டார்கள்.

வெளியே வந்தவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "உங்கட பேர் கிடந்தபடியால்தான் சேர் நம்பிப் பையில வச்சனான்," என்றாள்.

மறுநாள் கரும்பலகையில் முகவரியை முழுதாக எழுதினார்.

"பிள்ளையள், நான் தந்த கணக்கெல்லாம் இந்த மனிசன்ர. எடுத்துத் தந்தது பிழையில்லை. ஆர்ர கணக்கு எண்டதை மறைச்சது களவு. அந்தக் களவுக்கு நேற்று ஒரு பிள்ளை பொலிசில இருந்தது."

எல்லோரும் முகவரியை எழுதிக்கொண்டார்கள். மணி அடித்ததும் போய்விட்டார்கள். மேசையருகே ஒருவரும் நிற்கவில்லை. அடுத்த கிழமையும் அப்படியே. மாஸ்டர் சோக்குத்தூளைத் தட்டிவிட்டு, தனியே பஸ்ஸுக்கு நடந்தார். பயந்தது நடந்துவிட்டது என்றுதான் நினைத்தார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை, வகுப்பு கலைந்த பிறகு, சிவமணி ஒரு தாளோடு வந்து நின்றாள்.

"சேர், அந்தப் பக்கத்தில விடை கிடக்கு. ஆனா மூண்டாவது வரி எப்பிடி வந்தது எண்டு அதில இல்லை."

மாஸ்டர் கதிரையை இழுத்துப் போட்டார்.

"இரும் பிள்ளை. அதை விளங்கப்படுத்தத்தான் மாஸ்டர் எண்டு ஒருத்தன் வேணும். எடுத்த இடத்தைச் சொன்னா ஒருத்தனும் சிறுத்துப் போகமாட்டான். அது தெரியாமல்தானே ஒளிச்சு வச்சு உம்மை அந்த வாங்கில இருத்தினனான்."