படுதாவில் வரைந்த கதவு

திரை ஏறியதும் செல்மர் ஹௌகனின் இடது கை வந்துவிடும். திரை இறங்கியதும் போய்விடும். ஸ்டெல்வாட்டில் யாரைக் கேட்டாலும், அந்த வருஷம் பால் என்ன விலைக்குப் போனது என்று சொல்கிற குரலில்தான் இதையும் சொல்வார்கள். மினசோட்டாவின் வடமேற்கு மூலையில், நார்வேக்காரர்களின் பேரப்பிள்ளைகள் மாடு கறந்து பிழைக்கும் ஊர் அது. எதற்கும் வாயைப் பிளக்கிற வழக்கம் அங்கே கிடையாது. கை போனது இத்தாலியில், ஒரு மலைச்சரிவில். முழங்கைக்கு மேலேயே எடுத்துவிட்டார்கள். போர் முடிந்த வருஷம், சட்டையின் வெற்றுக் கையை மடித்து ஊக்கு குத்திக்கொண்டு அவன் ரயிலிலிருந்து இறங்கினான்.

அவன் மனைவி தியாவுக்கு அவனிடம் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவன் கடலுக்கு அப்பால் இருந்தபோது அவர்களுடைய மகள் இங்கா, மூன்று வயதுக்காரி, கக்குவான் இருமலில் செத்துப்போனாள். தியா தனியாகப் புதைத்தாள், தனியாக அழுதாள், மிச்ச அழுகையை அவன் வரட்டும் என்று வைத்திருந்தாள். வந்தவன் குழந்தையின் பெயரை வாயில் எடுக்கவில்லை. சின்ன அறைக் கதவைத் திறக்கவில்லை. ஒற்றைக் கையால் மாடு கறந்து, உதை வாங்கி, சிந்திய பாலைக் கழுவிவிட்டு, கொட்டிலிலேயே படுத்துக்கொண்டான். "கல்லறைக்கு ஒரு தடவ போயிட்டு வரலாமா?" என்று தியா கேட்டால், "புல்லு அறுக்கணும்" என்பான். நவம்பரில் வயலெல்லாம் பனி மூடிக் கிடந்தபோதும் அதையேதான் சொன்னான். ஊரும் அப்படித்தான். சாவு வீட்டில் யாரும் சாவைப் பற்றிப் பேசமாட்டார்கள். கறியும் உருளைக்கிழங்கும் அடுக்கி வேகவைத்த பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். தியாவின் அலமாரி நிறைய அடுத்த வீட்டுப் பாத்திரங்கள்.

குளிர்காலத்தில் ஊர் மண்டபத்தில் நாடகம் போடுவது வழக்கம். பாதிரியாரின் மனைவி மிசஸ் ஹோவ்லாண்ட் எழுதுவார். அந்த வருஷம், காயம்பட்ட சிப்பாய் ஒருவன் வீடு திரும்பி மெல்ல மெல்லத் தேறுகிற கதையை எழுதினார். சிப்பாயாக செல்மர். பாதிரியார் வீட்டம்மா கேட்டு முடியாது என்று சொன்னவன் அந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. அவன் அணைத்துக்கொள்ள வேண்டிய மனைவி வேஷத்துக்கு மற்றப் பெண்கள் கூச்சப்பட்டதால் அது தியாவிடமே வந்தது. மிசஸ் ஹோவ்லாண்ட் பிறத்தியார் மனம் நோகாமல் நடப்பதற்குப் பேர்போனவர். கை போனதை எழுதினால் பார்க்கிறவர்களுக்குச் சங்கடம் என்று தோளில் சின்னக் காயம் என்று மாற்றினார். மூன்றாம் அங்கத்தில் சிப்பாய் இரண்டு கைகளாலும் மனைவியைத் தூக்கிச் சுற்றுவதாக எழுதினார். குழந்தையை அடியோடு விட்டுவிட்டார். ஒத்திகையில் அந்தத் தூக்கும் இடத்தைத் தாண்டிப் போனார்கள். முதல் காட்சியன்று திரை ஏறியபோது கை இருந்தது, சிறு வயதில் வெண்ணெய்ப் பட்டறையில் கொதிநீர் பட்ட வடு உட்பட.

டாக்டர் மறுநாள் பக்கத்து வீட்டுக்காரன் வேஷத்தில் மேடையேறி நாடி பிடித்துப் பார்த்தார். கை சூடாக இருக்கிறது, உள்ளங்கையில் காய்ப்பு ஒன்று தவிரக் குறையில்லை என்றார். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஜனங்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டு மாதர் சங்கத்துக்குக் கை ஓய்ந்தது. மேடையில் செல்மர் சிரித்தான், வக்கணையாகப் பேசினான், தியாவைத் தூக்கிச் சுற்றினான். அந்தச் சுற்றில் அவளுக்குத் தலை கிறுகிறுத்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ஆனால் மகளே இல்லாத அந்த மனிதனை அவள் மனதார வெறுத்தாள். திரை இறங்கினால் மறுபடி ஊக்கு, மறுபடி கொட்டில்.

எழுதியிருப்பதெல்லாம் மேடையில் நிஜமாகவே வந்துவிடுகிறது என்று தியாவுக்கு விளங்க அதிக நாள் ஆகவில்லை. பாதிரியார் வீட்டுச் சமையலறைக்குப் போய் நின்றாள்.

"இங்காவையும் எழுதுங்க."

மிசஸ் ஹோவ்லாண்ட் மாவு பிசைவதை நிறுத்தவில்லை. "கை வேற, குழந்தை வேற, கண்ணு. ஜனங்க கொஞ்ச நேரம் சிரிச்சுட்டுப் போகலாம்னு வர்றாங்க."

"நான் எப்ப சிரிக்கிறது?"

"உக்காரு. காப்பி சாப்பிடு."

"காப்பி குடிச்சுக் குடிச்சு எனக்கு வயிறு வெந்துபோச்சு. எழுதுவீங்களா மாட்டீங்களா?"

மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்ல அந்த அம்மாவுக்கு வரவில்லை. சரி என்று சொல்லவும் பயம். இரண்டுக்கும் நடுவே பட்டும் படாமல் ஒரு வழி கண்டுபிடித்தார். அடுத்த அறைக் கதவைக் காட்டி, "சத்தம் போடாதே, இங்கா தூங்குறா" என்று சிப்பாய் சொல்கிற மாதிரி ஒரே ஒரு வரி சேர்த்தார். தூங்குகிற குழந்தை மேடைக்கு வர வேண்டியதில்லை அல்லவா. யாருக்கும் சங்கடமில்லை. அடுத்த அறைக் கதவு என்று மேடையில் இருந்தது, பின்னால் தொங்கிய படுதாவில் தச்சன் பழுப்புச் சாயத்தால் வரைந்த கதவு. பிடிக்கு மட்டும் கொஞ்சம் மஞ்சள் தீட்டியிருந்தான்.

சனிக்கிழமை செல்மர் அந்த வரியைச் சொன்னான். முதல் தடவை அதைத் தாண்டிப் போகப் பார்த்தான். பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்த பிறகு சொன்னான். சொன்னதும் கதவுக்குப் பின்னால் இரும்புக் கட்டில் ஒன்று கிரீச்சிட்டது. பிறகு மூச்சு. பிறந்ததிலிருந்தே இங்காவின் மூச்சில் மெல்லிய சீழ்க்கை ஒன்று உண்டு, அதுவும் இருந்தது. தியா ஓடிப்போய்ப் பிடியைத் திருகினாள். நகத்தில் மஞ்சள் சாயம் வந்தது. துணியைக் கிழிக்கப் போனவளை செல்மர் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். படுதாவுக்குப் பின்னால் செங்கல் சுவர்தான் என்பது அவனுக்கும் தெரியும், சபையிலிருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். எல்லாரும் குனிந்து தங்கள் மடியைப் பார்த்துக்கொண்டார்கள்.

"இங்கா," என்றான் செல்மர். அது எழுதியிருந்த வரியில்லை. "இங்கா, இங்கா" என்று படுதாவில் நெற்றியை வைத்துக்கொண்டு அவன் சின்னக் குரலில் அழுதான். தியா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அழுதாள். கயிறு இழுக்கிறவன் எத்தனை நேரம் பொறுப்பான். அவனுக்கும் வீட்டில் மாடு இருந்தது. திரை இறங்கியது. கையும் மூச்சும் சேர்ந்து போயின.

தியா மறுபடி பாதிரியார் வீட்டுக்குக் கிளம்பினாள். குழந்தை விழித்துக்கொள்கிறது என்று எழுதச் சொல்லத்தான். செல்மர் வண்டியின் முன்னால் வந்து நின்றான்.

"வேண்டாம் தியா."

"ஏன் வேண்டாம்? ஒரு வரிதானே?"

"முழிச்சா அம்மான்னு கூப்பிடுவா. நாம உள்ள போக முடியாது."

தியா வண்டியிலிருந்து இறங்கி, கையுறையைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனாள். அதன் பிறகு அவள் கேட்கவில்லை.

நாடகம் பல குளிர்காலம் நடந்தது. சிரிக்க வந்தவர்கள் மெல்ல நின்றுபோனார்கள். மற்ற அங்கங்களும் ஒவ்வொன்றாகக் கழன்றுவிழுந்தன. கடைசியில், ஆணும் பெண்ணும் வரைந்த கதவோரம் தரையில் உட்கார்ந்திருப்பது மட்டும் மிஞ்சியது. மண்டபத்துக்கு மறுபடி வர்ணம் அடித்தபோதும் அந்தப் படுதாவைத் தொடவில்லை. சனிக்கிழமைகளில் ஆளுக்கொரு வாரமாகத் திரைக் கயிறு இழுக்க முறை வைத்துக்கொண்டார்கள். மேடைக்குப் போகும் வழியில் நடக்கிறவர்கள் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள். குழந்தை தூங்குகிறதே.