உறவினரா: ஆம் / இல்லை

அச்சகத்தில் அவளுக்குப் பெயர் புள்ளி. மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் விடமாட்டாள் என்று பக்கம் கோர்க்கிறவர் வைத்த பெயர். பதினாறு வருடமாகப் பிழை திருத்துகிறவளுக்கு, பழைய புத்தகங்களின் கடைசியில் ஒட்டியிருக்கும் பிழைதிருத்தப் பட்டியல்கள் மேல் ஒரு பைத்தியம். யார் எந்தப் பிழைக்கு மன்னிப்புக் கேட்டார்கள், எதைக் கண்டும் காணாமல் விட்டார்கள் என்று நோட்டு நோட்டாகக் குறித்துவைத்திருந்தாள். பெரிய நூலகம், பத்து மாதம் அங்கேயே உட்கார்ந்து ஆராய உதவித்தொகை தரும் ஆய்வு நல்கை ஒன்றை அறிவித்தபோது, கல்லூரியில் வேலை பார்க்காதவர்களும் விண்ணப்பிக்கலாம் என்ற வரியை மூன்று தடவை படித்தாள்.

திட்டம் எழுதியாயிற்று. விடுப்புக்கு முதலாளியும் தலையாட்டிவிட்டார். இடித்தது பரிந்துரைக் கடிதம்தான். அவளுடைய நோட்டுகளைப் படித்த பேராசிரியர் ஒரே ஒருவர், அக்காவின் முன்னாள் கணவர். அவர்கள் பிரிந்து ஆறு வருடம். பேசாதே என்று அக்கா சொன்னதில்லை. இவளாகத்தான் பேச்சை நிறுத்தியிருந்தாள்.

அக்காவின் தையல் கடைக்குப் போய், சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தாள். அக்கா மிஷினை நிறுத்தினாள்.

"இதுக்கா ஒரு வாரமா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு அலைஞ்சே? எனக்கும் அவருக்கும் ஒத்து வரலை, அவ்வளவுதான். அவர் படிப்புக்கு என்னடி குறைச்சல்? போய்க் கேளு."

"உனக்குக் கஷ்டமா இருக்காதாக்கா?"

"நீ பெரும்புள்ளி ஆனா எனக்கென்ன கஷ்டம்?"

'சார்' என்று கூப்பிட ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் போன் போட்டாள். அவர் எடுத்ததும் வாயில் வந்தது, "அத்தான், நான்தான்." அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"சொல்லும்மா. பட்டியல் வேலை எதுவரைக்கும் வந்திருக்கு?"

கடிதம் மூன்றே நாளில் நூலகத்துக்குப் போய்விட்டது. அப்பாடா என்று விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினால், அங்கே ஒரு கேள்வி: பரிந்துரைப்பவர் உங்களுக்கு உறவினரா? ஆம் / இல்லை. கீழே, உறவினர் கடிதம் ஏற்கப்படாது.

மறுநாளே கடைசித் தேதி. 'ஆம்' என்றால் எல்லாம் குப்பைக்கு. 'இல்லை' என்று போட்டால், அடுத்தவர் பிழையைப் பிடித்துப் பிழைக்கிறவள் தானே ஒரு பொய்யை எழுதியதாகாதா? நாளை தெரிந்தால் அத்தானுக்குமல்லவா தலைகுனிவு?

விடிந்ததும் நூலக அலுவலகத்துக்கே போய் நடந்ததைச் சொன்னாள். நல்கைப் பிரிவு அம்மாள் கையிலிருந்த கோப்பை மூடிவிட்டுக் கேட்டார்.

"சட்டப்படி பிரிஞ்சாச்சா?"

"ஆறு வருஷமாச்சுங்க."

"உங்களுக்குக் கிடைச்சா அவருக்கு ஏதாவது லாபம் உண்டா?"

"ஒரு காப்பிகூடக் கிடையாது."

அம்மாள் சிரித்துவிட்டார். "அப்போ 'இல்லை'ன்னு போடுங்க. பக்கத்துல உள்ளதை ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஒளிச்சாத்தான் தப்பு."

'முன்னர் என் தமக்கையின் கணவர். இப்போது இல்லை' என்று எழுதினாள். மனுஷன் உயிரோடு இல்லை என்று நினைத்துவிட்டால்? 'இல்லை'யை அடித்து 'அல்லர்' என்று திருத்திக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, கிடைக்கிறதோ இல்லையோ, நெஞ்சுக்குள் மூச்சு நன்றாக இறங்கியது.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. கிடைத்துவிட்டது. நேரே தையல் கடைக்கு ஓடினாள். அக்கா வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, "அவருக்குச் சொல்லிட்டியா?" என்றாள்.

"உனக்குத்தான் முதல்ல."

"போனைப் போடு. நான் இருக்கேன்னு சொல்லாதே" என்று மறுபடி மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

செய்தி கேட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "மிஷின் சத்தம் கேக்குதே. அக்கா நல்லா இருக்காளா?" என்றார்.

"நல்லா இருக்கா அத்தான்."

மிஷின் சட்டென்று நின்றது. போனை வைத்ததும் அக்கா எழுந்து வந்தாள். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து உருவினாள்.

"பத்து மாசம் ஏ.சி.ல உக்காரணும். குளிரும்டி. முழுக்கை வச்சு ரெண்டு சட்டை தைச்சுத் தர்றேன், கையை நீட்டு."

புள்ளி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.