வெறும் தூக்கு

மத்தியானத் தூக்கம் கலைந்து லோகநாயகி கதவைத் திறந்தபோது வாசலில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே அவளுடைய எவர்சில்வர் தூக்குகளும் டப்பாக்களும். எல்லாவற்றிலும் அவள் பெயர் வெட்டியிருந்தது. பொங்கலும் சுண்டலும் கொழுக்கட்டையுமாக எதிர்வீட்டுத் தபஸ்ஸுமுக்கு எப்போதெப்போதோ கொடுத்தவை. பளிச்சென்று கழுவியிருந்தன. எல்லாம் காலி.

அதுதான் உறுத்தியது. செம்பாக்கத்துக்குக் குடிவந்த நாள்முதல் அந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே வெறும் பாத்திரம் போனதில்லை. ஒன்றுமில்லாவிட்டாலும் ஒரு பிடி சர்க்கரையாவது இருக்கும்.

"நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனாங்க?" என்று கணவர் சுந்தரராமனைக் கேட்டாள்.

"போன வாரம் நீ கேசரி குடுத்தியே, அதுலயே இனிமே வேண்டாம்னு முடிவு பண்ணியிருப்பாங்க" என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

சாயங்காலம் எதிர்வீட்டு வாசலில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. சோபா ஏறியது. மெத்தை, திரைச்சீலை, கம்பளம் எல்லாம் ஏறின. வீட்டை மாற்றுகிறார்களா? ஒரு வார்த்தை சொல்லாமலா? இத்தனை வருடப் பழக்கம் அவ்வளவுதானா? மனசுக்குள் வைத்து மருகுவதைவிடக் கேட்டுவிடுவது மேல் என்று முருகனை நினைத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

கூடத்தில் ஒரு கோரைப்பாய்தான் கிடந்தது.

"வாங்கக்கா! உக்காரச் சொல்லத்தான் நாற்காலி இல்ல" என்று தபஸ்ஸும் சிரித்தாள்.

"வீட்டைக் காலி பண்றீங்களா?"

"சாமானைத்தான் காலி பண்றோம். இவருக்கு மூச்சுத் திணறல் ஜாஸ்தியாயிடுச்சு. தூசு சேர்ற எதையும் வைக்காதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். எடுக்க ஆரம்பிச்சா, பாதி வீடு தேவையில்லாததுதான்."

லோகநாயகிக்கு நெஞ்சு லேசானது. "அதுக்கு என் பாத்திரத்தை வெறுமனேயா அனுப்புவே?"

தபஸ்ஸுமின் முகம் மாறியது. "ஏங்க! இங்க வாங்க!"

உள்ளேயிருந்து அவள் கணவர் உமர் வந்தார்.

"அக்கா பாத்திரத்தை வெறுமனேயா வச்சிட்டு வந்தீங்க?"

"கழுவித்தானே வச்சேன்! தூங்குவாங்களேன்னு பெல்கூட அடிக்கல."

"நல்லா வச்சீங்க போங்க! ஒவ்வொண்ணுலயும் ஏதாவது செஞ்சு போட்டுத் தரணும்னுதானே இத்தனை நாளா வச்சிருந்தேன்!"

மூவரும் சிரித்தார்கள். காலிக் கூடத்தில் சிரிப்பு இன்னும் பெரிதாகக் கேட்டது. செம்பாக்கம் ஏரிக் காற்று ஒரு ஜன்னலில் நுழைந்து மறு ஜன்னலில் வெளியேறியது. சாமானில்லாத வீடு ஏழையாகத் தெரியவில்லையே, ஏன் என்று லோகநாயகி யோசித்தாள்.

வீடு திரும்பியதும் தன் பரணைத் திறந்து பார்த்தாள். பெட்டியில் வந்த பாத்திரங்களோடு பரணில் கிடந்தவற்றையும் சேர்த்துக் கோயில் அன்னதானக் கூடத்துக்கு எடுத்துவைத்தாள். ஒரே ஒரு தூக்கை மட்டும் தனியே வைத்துக்கொண்டாள்.

காலையில் அதில் உப்புமாவோடு எதிர்வீட்டுக்குப் போனாள். "இது எனக்கும் சொந்தமில்ல, உனக்கும் சொந்தமில்ல. ரெண்டு வீட்டுலயும் தங்கக் கூடாது, சொல்லிட்டேன். தங்கினா தூசு சேரும்."

"சரிக்கா" என்று தபஸ்ஸும் வாங்கிக்கொண்டாள்.

பொழுது சாய்வதற்குள் தூக்கு திரும்பி வந்தது. மூடியைத் திறந்தாள். அடியில் கொஞ்சம் பேரீச்சம்பழம்.

ஒன்றை எடுத்துச் சுந்தரராமன் கையில் கொடுத்துவிட்டு, நாளைக்கு என்ன செய்யலாம் என்று லோகநாயகி யோசிக்கத் தொடங்கினாள்.

"கேசரி மட்டும் வேண்டாம்" என்றார் அவர்.